ஒரே டேப்பில் மூன்று ஊர்

தஞ்சாவூர்,
19.1.95

அன்புள்ள மீரா உசேன் நானாவுக்கு, தங்கை ஹமீதா பானு ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. தம்மாமில் நீங்களும் மதினியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அதாவது மாமிக்கு மூட்டுவலி, மூஸாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், உங்கள் மச்சானுக்கு என் மேல் கோபம், எனக்கு வேலை இன்றைக்குப் போகுமா நாளைக்குப் போகுமா என்கிற நிலைமை. இவை நீங்கலாக சுகம்.

உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் போடுவதற்கு மன்னிக்க வேண்டும். அதில் நீங்கள் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி, பேக்கப் வேலை நல்லபடியாக முடிந்ததா என்று. நல்லபடியாகத்தான் முடிந்தது நானா. இந்த வாரம் வரைக்கும் தஞ்சாவூரில் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் முதலாளி மருதையன் சாரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், வீட்டுக்கு வீடு கேபிள் வந்ததும் அந்தக் கடை படுத்துப்போய், அதே இடத்தில் ஏ.சி. மாட்டி கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கிவிட்டார். பழைய போர்டைக் கழற்ற மனசு வரவில்லை. என் தலைக்கு மேலே இன்னும் தொங்குகிறது: ‘கேசட்டை முதலுக்குச் சுற்றித் தரவும், தவறினால் அபராதம்.’ சென்டருக்குச் சோறு போடுவது கம்ப்யூட்டர் ஜாதகம். கல்யாண வயதில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கள் டிஸ்கில்தான் இருக்கிறார்கள். ஐவேளை தொழுகிற வீட்டுப் பெண் நான், பி.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டு, செவ்வாய் தோஷம் எத்தனை வகை என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாமியிடம் ‘கணக்கு வேலை’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். மாமியால் பிள்ளையைத் தூக்க முடியாததால் மூஸாவையும் கூடவே கொண்டுபோகிறேன். ஏ.சி. காற்றில் பிள்ளைக்குச் சளி பிடிக்குமோ என்று நானும், பிள்ளை கையிலிருக்கிற ரொட்டித் தூளில் மெஷினுக்குச் சளி பிடிக்குமோ என்று சாரும், ஆளுக்கொரு பயத்தில் இருக்கிறோம்.

இந்த ஜாதகக் கடைக்குள்தான் போன ஆவணியில் பஞ்சநதம் அண்ணன் ஒரு தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். அவர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குத்தகை விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். மணல்படுகை, ஓடத்திடல், கோரைவெளி என்று மூன்று ஊர். மூன்று ஊரிலும் நிலம் முழுக்க ஒரு கோயில் கட்டளைக்குச் சொந்தம். பாட்டன் காலத்திலிருந்து இவர்கள் உழுது, விளைந்ததில் கட்டளைக்கு அளந்துகொண்டிருக்கிறார்கள். இப்போது ரோட்டோரம் மனைக்கட்டுக்கு விலை வந்ததும் கட்டளைக்காரர்கள், ‘குத்தகைதாரர் என்று எவனும் இல்லை, எல்லாம் நாங்கள் வைத்த கூலி ஆள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசாரணையில் யார் பேர் அத்தாட்சியோடு வருகிறதோ அவர்கள் நிலத்தில் இருக்கலாம், வராதவர்கள் இறங்க வேண்டியதுதான். அத்தாட்சி என்றால் நெல் அளந்த ரசீதுகள். அதுதான் பெட்டி நிறைய. விசாரணை அலுவலகத்து ஆள் ஒருவர் எங்கள் சென்டருக்கே வந்து, ஒவ்வொரு ரசீதையும் பார்த்து ஒரு பதிவு எண் போட்டார். நான் ஆள் பேர், சர்வே நம்பர், அந்தப் பதிவு எண் மூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இனிமேல் ரசீதே இல்லாவிட்டாலும் எண்ணோடு லிஸ்ட் கொடுத்தால் போதும், தங்கள் பதிவேட்டில் தேடி எடுத்துக்கொள்வோம், எண் இல்லாமல் தேட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். அவர் போனாலும் எண் இருக்கிறதே என்று இருந்தோம். இரண்டு கட்சிக் கரைவேட்டியும் சண்டை போடாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இடம் இந்த ஜில்லாவிலேயே எங்கள் சென்டராகத்தான் இருக்கும் நானா, அவ்வளவு நம்பிக்கை அவர்களுக்கு.

அதிலும் காத்தாயி என்று ஓர் அம்மா. புருஷன் இல்லை, மணல்படுகையில் ஐந்து மா நிலம் குத்தகை, ஒற்றை ஆளாக நின்று சாகுபடி. திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸைப் பிடித்து அடிக்கடி வந்துவிடும், வந்ததும் மூஸாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “எம் பேரு எங்கன இருக்குது, காட்டு தாயி” என்று கேட்கும். காட்டுவேன். “பச்சையால்ல இருக்கு, நாத்து மாதிரி” என்று சிரிக்கும். எங்கள் ஸ்கிரீனில் எல்லார் பேரும் பச்சைதான் என்று நான் சொல்லவில்லை.

மூன்று ஊரும் ஏறி முடிந்தபோதுதான் பேக்கப் எப்படி எடுப்பது என்று உங்களைக் கேட்டேன், நீங்களும் வரைந்து காட்டி எழுதினீர்கள். டிஸ்கில் நான்கு அறை தடுத்திருக்கிறது, மூன்று அறையில் மூன்று ஊர், நாலாவதில் ஜாதகம். நான்கையும் தனித்தனியாக எடுத்தாலும் ஒரே டேப்பில் ஒன்றன் பின் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், ஒன்றை எழுதி முடித்ததும் டேப் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், முதலுக்குச் சுற்றிவிடாதே, அதற்கென்று தனிக் கமாண்ட் இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தில் மருதையன் சாருக்குப் பிடித்தது ‘ஒரே டேப்’ என்ற இடம் மட்டும்தான். மறுநாளே ஒரே ஒரு டேப் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். நான் மணல்படுகையை எழுதி முடித்து, டேப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடத்திடலுக்குக் கமாண்ட் அடிக்கப் போனேன். சார் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

“டேப்பச் சுத்தினியா?”

“இல்ல சார், சுத்தக் கூடாதாம். எங்க நானா எழுதியிருக்காங்க.”

“உங்க நானா இருக்கறது சவூதி. அங்க கரண்ட்டும் போகாது, ஏ.சி.யும் நிக்காது, நாடா எப்படி வேணா கெடக்கும். இது தஞ்சாவூரும்மா. பாதியில நிக்கற நாடா நாலு நாள்ல தொங்கிப் போயிடும். கேசட்டுலயே தலை நரைச்சவன் நான், எனக்குத் தெரியாதா?”

“சுத்திட்டா அடுத்த ஊர எங்க சார் எழுதும்?”

“ஏம்மா, இது என்ன டேப் ரிக்கார்டரா? கம்ப்யூட்டரு! எங்க எடம் காலியா இருக்கோ அங்க தானே தேடிப் போயி எழுதிக்கும். படிச்ச புள்ள, இதுகூடவா தெரியாது?”

படித்த பிள்ளை என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு வாய் திறக்காது நானா, உங்களுக்குத் தெரியும். அதோடு பழக்க தோஷம் வேறு. சவூதியிலிருந்து நீங்கள் பேசி அனுப்புகிற கேசட் வந்தால், கேட்டு முடித்ததும் முதலுக்குச் சுற்றித்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று வாப்பா எங்களை வளர்த்திருக்கிறார்களே. சுற்றாமல் கொடுத்தால் எச்சில் தட்டைக் கழுவாமல் நீட்டின மாதிரி என்பார்கள். சார் அதட்டினாரா, பிள்ளை அழுதானா, கை தானாகவே சுற்றுகிற கமாண்டை அடித்துவிட்டது. ஒவ்வொன்றையும் எழுதினதும் சுற்றினேன். அதற்காக நான் அவசர வேலை செய்தேன் என்று நினைக்காதீர்கள். சுற்றின கையோடு ஒவ்வொரு முறையும் படித்துச் சரிபார்த்து, மறுபடியும் முதலுக்குச் சுற்றி வைத்தேன். மணல்படுகை எழுதி, படித்தேன், மணல்படுகை இருந்தது. ஓடத்திடல் எழுதி, படித்தேன், ஓடத்திடல் இருந்தது. கோரைவெளியும் அப்படியே. கடைசியில் ஜாதகம் எழுதி, படித்தேன், ஒரு கிரகம் கூட இடம் மாறாமல் இருந்தது. டேப் டப்பாவின் மேல் நான்கு பெயரையும் அழகாக எழுதி ஒட்டினேன். அந்த டப்பாவைப் பார்த்துக் கணக்கு வாத்தியார்கூட முழு மார்க் போட்டிருப்பார். உள்ளே ஒன்றின் தலையில் ஒன்றை எழுதி, கடைசியாக எழுதினது மட்டும் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் நினைத்தால் அந்த டப்பாதான் எங்களைக் கெடுத்தது. டேப்பில் இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லோரும் ஆளுக்கொன்றைத் தொலைத்தோம். நவம்பர் மழையில் வாய்க்கால் உடைந்து சங்கக் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து, தகரப் பெட்டி இடுப்பளவு தண்ணீரில் கிடந்து, திறந்தபோது ரசீதெல்லாம் கூழ். பஞ்சநதம் அண்ணன் வந்து, “பெட்டி போனா போவுது, டேப்புல இருக்குல்லம்மா?” என்றார். இருக்குண்ணே என்றேன். காலையிலிருந்து சாப்பிடாமல் வந்தவர், எதிர்க் கடையில் போய் இரண்டு பரோட்டா சாப்பிட்டார். அடுத்த வாரம் இடி இடித்த அன்றைக்கு கரண்ட் தாறுமாறாக வந்து, டிஸ்க் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. மருதையன் சார் என்னைப் பார்த்து, “டிஸ்க் போனா போவுது, டேப்புல இருக்கு” என்றார். அப்புறமும் மனசு கேட்காமல் டிஸ்கை மெட்ராஸுக்கு ரிப்பேருக்கு அனுப்பினார். அது மூன்று ஊருக்காக இல்லை, டேப்பில் ஏற்றாத கல்யாணப் பத்திரிகைகள் அடித்து வைத்திருந்தது போய்விட்டதே என்று. மெட்ராஸ்காரன் பார்த்துவிட்டு, உள்ளே கீறல் விழுந்திருக்கிறது, நம்பிக்கை வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டான். புது டிஸ்க் வந்து சேர்ந்தது பொங்கலுக்கு அப்புறம். விசாரணை வருகிற திங்கட்கிழமை.

லிஸ்ட் அடிக்கிற அன்றைக்கு மூன்று ஊரிலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள். ஏ.சி. அறைக்குள் அத்தனை பேர் நின்றதில் ஏ.சி. போட்டது போட்டபடி இருக்க எல்லோருக்கும் வேர்க்கிறது. காத்தாயி அம்மா வழக்கம்போல மூஸாவை வாங்கிக்கொண்டது. நான் டேப்பிலிருந்து டிஸ்கில் ஏற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லி பிரிண்டரைத் தட்டினேன். கிர்ர் கிர்ர் என்று பேப்பர் வெளியே வர, பஞ்சநதம் அண்ணன் முதல் தாளைக் கிழித்து உரக்கப் படித்தார்.

“மூல நட்சத்திரம், நாலாம் பாதம், தனுசு ராசி... என்னம்மா இது?”

“வேற பக்கம் வந்திருக்கும்ணே, இருங்க.”

அடுத்த தாளும் வந்தது. “களத்திர தோஷம் உண்டு, பரிகாரம் செய்யவும்.” பஞ்சநதம் அண்ணன் மருதையன் சார் பக்கம் திரும்பினார். “யோவ், சர்வே நம்பர் கேட்டா ராசி நம்பரு குடுக்கற?”

கூட்டத்தில் ஒரு குரல், “கட்டளைக்காரனுக்கு ஏழரைச் சனின்னு எழுதியிருக்கான்னு பாருண்ணே, அதாச்சும் ஆவட்டும்” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் நானா, அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். இன்னும் பின்னால் ஊர் இருக்கிறது, வரும் வரும் என்றுதான் நினைத்தேன். மருதையன் சார் ஒவ்வொரு தாளாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜாதகம் முடிந்ததும் பிரிண்டர் நின்றது. காத்தாயி அம்மா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “எம் பேரு வந்துச்சா தாயி?” என்று கேட்டது. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துபோச்சு என்று சார் சொன்னார். பேப்பர் கட்டு கட்டாக அவர் காலடியிலேயே கிடந்தது.

இந்த மாதிரிச் சேதி திருக்காட்டுப்பள்ளிக்குப் போக பஸ்கூட வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே ஓடத்திடலில் இரண்டு பங்காளிகள், வரப்புக்கு இந்தப் பக்கம் யார் பேர் இருந்தது அந்தப் பக்கம் யார் பேர் இருந்தது என்று வாய்ச்சண்டையில் ஆரம்பித்து, ஒருவர் கையில் அரிவாள் வெட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்த இரண்டு சர்வே நம்பரும் யார் யார் பேரில் என்று நான் அடித்தது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது, சத்தியம் பண்ணிச் சொல்லத் தெரியவில்லை. கட்டளையின் கணக்குப்பிள்ளை செல்லதுரை என்று ஒருவர், அவருக்கு இதைவிட நல்ல பொங்கல் வராது. வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாராம்: “கம்ப்யூட்டரே ஒங்க பேர அழிச்சிடுச்சு, இனி அதிகாரி என்ன பண்ணுவாரு? இப்பவே நெலத்த விட்டுக்குடுத்தோம்னு கைநாட்டு வெச்சுட்டா, நிக்கற சம்பாவ மட்டும் நீங்களே அறுத்துக்கலாம். திங்கக்கெழமைக்கு அப்பறம் அதுவும் கெடையாது.” கதிர் முற்றி நிற்கிற நேரம் நானா. நெல்லைக் காட்டி நிலத்தைக் கேட்கிறார். பஞ்சநதம் அண்ணன் சைக்கிளில் மூன்று ஊரும் சுற்றி, யாரும் கைநாட்டு வைக்காதீங்க, டேப்பைத் தோண்டிக்கிட்டிருக்காங்க என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார். தோண்டுகிற ஆள் நான்.

அதனால்தான் இந்தக் கடிதம். நானா, எனக்கு ஒரு நினைப்பு. ஜாதகம் சின்னது, மணல்படுகை பெரியது. பெரிய பாயின் மேல் சின்னப் பாயை விரித்தால் பெரிய பாயின் ஓரம் வெளியே தெரியத்தானே செய்யும்? ஜாதகம் முடிகிற இடத்துக்கு அப்பால் டேப்பில் ஊர்களின் வால் இன்னும் இருக்க வேண்டும். ஆனால் ஜாதகம் முடிந்த இடத்தில் மெஷின் நின்றுகொண்டு, இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்கிறது. எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், செல்லதுரையின் ஆள் மாதிரி ஒரே பதிலைச் சொல்கிறது. அதைத் தாண்டிப் போக உங்கள் கம்பெனியில் ஏதாவது வழி இருக்குமா? வரும் வெள்ளிக்கிழமை நாகூர் ஹாஜா மைதீன் காக்கா தம்மாமுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் டேப்பைக் கொடுத்தனுப்புகிறேன். கஸ்டம்ஸில் கேள்வி கேட்காமலிருக்க நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் மாசிக் கருவாட்டுக்கும் நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன், எண்ணெய் படாமல் நாலு பாலிதீன் பை போட்டு. காத்தாயி அம்மாவின் வயல் வந்தால் போதும், மற்றது அப்புறம் என்று சொல்ல வாய் வருகிறது, சொல்ல மாட்டேன். மூன்று ஊரும் வேண்டும்.

பதில் வருகிறவரை திங்கட்கிழமை காத்திருக்காது. நானே விசாரணைக்குப் போய், லிஸ்ட் இருந்தது, நான்தான் ஏற்றினேன், நான்தான் அழித்தேன், இவர்கள் பொய் சொல்லவில்லை, ஒரு மாதம் தவணை கொடுங்கள் என்று அதிகாரியிடம் சொல்லப்போகிறேன். மருதையன் சார், “போனா திரும்பி சென்டருக்கு வராதே” என்கிறார். உங்கள் மச்சான், “பச்சப் புள்ளய வெச்சுக்கிட்டு நெலத் தகராறுல போயி நிக்கறேங்கறியே, அரிவாளு ஒனக்கும் புள்ளைக்கும் வேற வேறன்னு பாத்துத்தான் வெட்டுமா?” என்று கேட்டார்கள். அவங்க சொல்றதும் நியாயம்தான். ஆனாலும் போகிறதாகத்தான் இருக்கிறேன். பிள்ளையை அன்றைக்கு மட்டும் உம்மாவிடம் நாகூரில் விட்டுவிட்டு வரலாமா, பால் குடிக்கிற பிள்ளை ஒரு பகல் தாங்குவானா, பால்புட்டியைக் கொதிக்க வைத்தால் போதுமா என்று அது ஒரு கவலை தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நோன்பு நெருங்குகிறது. உங்கள் துஆவில் எங்களையும், இந்த மூன்று ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதினிக்கு என் ஸலாம். மாமி உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள், போன முறை அனுப்பின தைலம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லச் சொன்னார்கள். மூஸா உங்கள் போட்டோவை நக்கி நக்கி மீசை போய்விட்டது. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ஹமீதா பானு

பின்குறிப்பு: நானா, டேப் வேண்டாம். பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன், ஊறுகாயும் மாசியும் மட்டும் வரும். கடிதத்தை ஒட்டி வைத்த பிறகு மெட்ராஸிலிருந்து ஆள் வந்தான், அதனால் பிரித்து எழுதுகிறேன். கீறல் விழுந்தது டிஸ்கின் ஓர் ஓரத்தில்தானாம், எப்படியோ திறந்து, எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டுவந்துவிட்டான். மூன்று ஊரும் இருக்கிறது, ஒரு பேர், ஒரு எண்கூட விட்டுப்போகவில்லை. மருதையன் சார் அழுதேவிட்டார். ஓடிப்போய்ப் புது டேப்புகள் வாங்கி வந்தார், ஊருக்கு ஒரு டேப். லிஸ்டை அடித்து எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏறி, மணல்படுகைக்கு நானே போனேன். பஞ்சநதம் அண்ணன் தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், நடந்ததை அவர்தான் சொன்னார். காலையில் செல்லதுரை அறுவடை மெஷினையும் அடியாட்களையும் வயலோரம் கொண்டுவந்து நிறுத்தி, கைநாட்டு வைக்கிறீர்களா, நாங்கள் மெஷினை வயலில் இறக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். முதலில் ஒருவர் வைத்திருக்கிறார், அப்புறம் தெருவே வைத்துவிட்டது. மற்ற இரண்டு ஊரும் மத்தியானத்துக்குள்.

காத்தாயி அம்மா வெளியே வந்து மூஸாவை வாங்கிக்கொண்டது. கட்டைவிரலில் கைநாட்டு மை இருந்ததால் அவன் சட்டையில் படாமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. லிஸ்டில் அதன் பேரைக் காட்டினேன்.

“அப்ப எம் பேரு உள்ளாறதான் இருந்துச்சா தாயி?”

“இருந்துச்சும்மா.”

“அழியலயா?”

“அழியல.”

பேப்பரையே பார்த்தது. படிக்கத் தெரியாது, இருந்தாலும் நான் காட்டின வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் கேட்டது: “திங்கக்கெழம அங்க நானும் வரணுமா, வேணாமா? அன்னிக்கு என் வயல்ல அறுப்பு.”

என் வயல் என்றுதான் சொன்னது நானா.